டிராயிங்கில் இருக்கும் எண் மாடலின் பேச்சைக் கேட்கிறதா?

தூணின் அடியில் போடும் ஒரு சாதாரண பேஸ் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். 300 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன். எம்20 போல்ட் போட நான்கு துளைகள், ஒவ்வொன்றும் 22 மி.மீ. விட்டம். துளை மையத்திலிருந்து அடுத்த துளை மையத்துக்கு 200 மி.மீ. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் எந்த ஸ்டீல் பட்டறைக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு டிராயிங் மேசையில் கிடக்கும். பொறியாளர் கூப்பிட்டு, துளை இடைவெளியை 220 ஆக்குங்கள் என்கிறார். டிராஃப்டர் முப்பரிமாண மாடலைத் திறந்து மாற்றிவிட்டார். தாளில் இருக்கும் 200 என்ற எண்ணுக்கு இப்போது என்ன ஆகும்?

மூன்றில் ஒன்று நடக்கும். 200 தானாகவே 220 ஆகலாம். படத்தில் துளைகள் நகர்ந்திருக்க, எண் மட்டும் 200 என்றே நிற்கலாம். அல்லது எண் மாறியிருக்கும், ஆனால் 220 ஆக இல்லாமல் வேறு ஏதோவாக இருக்கும். முதலாவது நடக்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். இரண்டாவதைப் பற்றி அனுபவசாலிகள் எச்சரிப்பார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கணிப்பில் அதுதான் மூன்றிலும் ஆபத்தானது.

இந்த ஊரில் டிராஃப்டராக, ஃபேப்ரிகேட்டராக, சைட் சூப்பர்வைசராக வேலை செய்யும் தமிழர்கள் ஏராளம். சாஃப்ட்வேரில் எந்தப் பொத்தானை அழுத்தினால் டைமென்ஷன், அதாவது தாளில் காட்டும் அளவு, வரும் என்பதை எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். அந்த டைமென்ஷன் எதோடு கட்டப்பட்டிருக்கிறது, எப்போது அந்தக் கட்டு அவிழும் என்பதைச் சொல்லித் தருவது குறைவு. பட்டறையிலோ எல்லாமே அந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் கேட்பான்: "அண்ணே, 200னு போட்டிருக்கு, படத்தைப் பார்த்தா கூட இருக்கற மாதிரி தெரியுதே?" பதில் எங்கேயும் ஒன்றுதான்: "எண்ணைப் பாரு தம்பி. படத்து மேல ஸ்கேல் வச்சு அளக்காத." இது வெறும் பழக்கம் இல்லை. டிராயிங்கின் ஓரத்துக் கட்டத்திலேயே, அளந்து பார்க்காதீர்கள், எழுதியிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள் என்று குறிப்பு இருக்கும். படம் தப்பாக இருந்தாலும் வேலை சரியாக வந்துவிடும், எண் தப்பானால் இரும்பே தப்பாக வெட்டப்படும்.

கையால் வரைந்த காலத்தில் எண்ணுக்கும் படத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு வரைபவரின் கவனம்தான். கோட்டை அழித்து மாற்றினால் எண்ணையும் அழித்து மாற்ற வேண்டும், மறந்தால் மறந்ததுதான். இரண்டையும் கணினியே சேர்த்து வைத்திருக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், கோடுகளுக்கு இடையே கட்டுப்பாடு போடவும், ஒன்றை நகர்த்தினால் மற்றதும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி நகரவும் வழி செய்தது. ஆனால் 1982-இல் ஆட்டோகேட் வந்து டிராஃப்டிங்கைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, பெரும்பாலானோருக்குக் கிடைத்தது மின்னணு வரைபலகை மட்டுமே. கோடு கோடாகவும் எழுத்து எழுத்தாகவும் தனித்தனியே இருந்தன.

ஆட்டோகேட்டில் இந்தத் தொடர்பு படிப்படியாக வந்தது, அந்தப் படிகள் இன்னும் சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கின்றன. டிம்அசோக் என்று ஒரு அமைப்பு உண்டு. அதன் மதிப்பு 0 என்றால் டைமென்ஷன் சிதறிப்போன துண்டுகள்: கோடு தனி, அம்பு தனி, எழுத்து தனி. 1 என்றால் டைமென்ஷன் ஒரே பொருளாக இருக்கும், ஆனால் உருவத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. டெஃப்பாயிண்ட்ஸ் என்ற லேயரில் உட்கார்ந்திருக்கும் சில புள்ளிகளோடுதான் அது கட்டப்பட்டிருக்கும். உருவத்தையும் அந்தப் புள்ளிகளையும் சேர்த்து ஸ்ட்ரெட்ச் செய்தால் எண் மாறும். உருவத்தை மட்டும் நகர்த்தினால் எண் அப்படியே நிற்கும். 2 என்றால்தான் டைமென்ஷன் உருவத்தோடு நேரடியாக இணைகிறது. இது ஆட்டோகேட் 2002-இல் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த அமைப்பு உங்கள் கணினியில் இருப்பதில்லை, ஒவ்வொரு டிராயிங் கோப்புக்குள்ளும் சேமிக்கப்படுகிறது. உங்கள் கோப்பில் 2 இருக்கலாம். பழைய ஒப்பந்தக்காரரிடமிருந்து வந்த கோப்பில் 1 இருக்கலாம். அதைத் திறந்து வேலையைத் தொடர்ந்தால், நீங்கள் போடும் புது டைமென்ஷன்களும் 1-இன் பாணியிலேயே பிறக்கும். ஒரு டைமென்ஷனைத் தொட்டு ப்ராப்பர்ட்டீஸ் பலகையைப் பார்த்தால் அது இணைந்திருக்கிறதா இல்லையா என்பது ஒரு வரியில் தெரியும். அவிழ்ந்ததைத் திரும்பக் கட்ட டிம்ரீஅசோசியேட் கட்டளை இருக்கிறது. அரை நிமிட வேலை. செய்பவர்கள்தான் குறைவு.

எதிர்த் திசையிலிருந்து வந்தது பாராமெட்ரிக் மாடலிங். 1985-இல் சாமுவேல் கைஸ்பெர்க் தொடங்கிய பிடிசி நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் புரோ/எஞ்சினியரைக் கொண்டுவந்தது. அங்கே உருவத்தை வரைந்து அளப்பதில்லை. அளவைச் சொல்கிறோம், உருவம் அதற்கேற்ப அமைகிறது. 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸ் இதே முறையை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. இங்கே டைமென்ஷன் இரண்டு ஜாதி. ஒன்று ஓட்டுநர்: அதை மாற்றினால் உருவம் மாறும். இன்னொன்று பயணி: உருவம் எப்படி இருக்கிறதோ அதை அளந்து சொல்லும், அவ்வளவுதான். நம் தகட்டில் துளை இடைவெளி 200 என்பது ஓட்டுநர் அளவு என்றால், டிராயிங் தாளில் தெரியும் அதே 200-ஐ இரட்டைச் சொடுக்கு செய்து 220 என்று மாற்றினால் மாடலே மாறிவிடும். அந்த மாடலைப் பயன்படுத்தும் அசெம்பிளியும் சேர்ந்தே மாறும்.

இது வசதியா, ஆபத்தா? தனியாக ஒருவர் வடிவமைத்து அவரே டிராயிங் போடும் இடத்தில் நல்ல வசதி. ஒருவர் வடிவமைக்க, இன்னொருவர் டிராயிங் போட, மூன்றாமவர் திருத்தும் இடத்தில், தாளைச் சரிசெய்ய வந்தவர் தெரியாமலே வடிவமைப்பை மாற்றிவிட முடியும். ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் டிராயிங்கிலிருந்து பாகத்தை மாற்ற அனுமதிப்பதா வேண்டாமா என்பதற்கே தனி அமைப்பு இருக்கிறது. அனுமதிக்காமல் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. டிராயிங் மாடலைப் பார்த்துச் சொல்லட்டும், மாடலுக்கு உத்தரவு போட வேண்டாம்.

இங்கே இன்னொரு கேள்வி வருகிறது. மாடல் செய்தபோது போட்ட அளவுகளை அப்படியே தாளுக்கு இறக்குமதி செய்வதா, இல்லை தாளில் புதிதாக அளவு போடுவதா? முதல் வழியில் தொடர்பு உறுதியாக இருக்கும், டாலரன்ஸும் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற எல்லை) கூடவே வரும். ஆகவே அதுதான் சரியான வழி என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மாடல் செய்பவர் தன் வசதிக்கு அளவு போடுகிறார். தகட்டின் நடுவை மூலப்புள்ளியாக வைத்து, ஒரு துளையை நடுவிலிருந்து 110-இல் போட்டு, மற்ற மூன்றையும் மிரர் செய்திருப்பார். அதை இறக்குமதி செய்தால் தாளில் 110 வரும். துளை போடுபவருக்கு வேண்டியது 220-உம், ஓரத்திலிருந்து 40-உம். தகட்டின் நடுவில் அவர் எங்கே டேப்பை வைப்பார்? அளவு எதற்கு என்பதை வேலை செய்பவரின் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். எந்தப் பக்கத்தை மெஷினில் அண்டக்கொடுக்கிறார், எதிலிருந்து சரிபார்க்கிறார் என்று தெரிந்து போட்ட பயணி அளவு, தெரியாமல் இறக்கிய ஓட்டுநர் அளவைவிடப் பலமடங்கு மேல். இரண்டுமே மாடலோடு இணைந்தவைதான், இணைப்பில் குறை ஒன்றும் இல்லை. டாலரன்ஸ் முக்கியமான இடங்களில் மட்டும், அந்த அளவே மாடலில் ஓட்டுநராக இருக்கும்படி ஸ்கெட்சை முதலிலேயே திட்டமிட்டுக்கொள்ளலாம்.

சரி, அந்த மூன்றாவது நிலைக்கு வருவோம். எண் மாறுகிறது, ஆனால் தப்பாக மாறுகிறது. இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள, இணைப்பு என்பது உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டிராயிங்கில் ஒரு டைமென்ஷன் போடும்போது சாஃப்ட்வேர் 300 என்ற எண்ணைச் சேமிப்பதில்லை. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை என்ற குறிப்பைச் சேமிக்கிறது. மாடலை மாற்றிவிட்டு ரீபில்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் விளிம்புகளும் பரப்புகளும் புதிதாகக் கணக்கிடப்பட்டு உருவாகின்றன. அப்படியென்றால் பழைய 'இந்த விளிம்பு' எது என்று புது உருவத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு பெயர் வேண்டும். தெருவில் மூன்றாவது வீடு என்று விலாசம் எழுதினால், இடையில் ஒரு புது வீடு எழும்பியதும் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்ச் சேரும், வாங்கியவரும் பிரித்துப் படித்துவிடுவார். விளிம்புகளுக்கு வெறும் வரிசை எண்ணைப் பெயராக வைத்தால் இதேதான் நடக்கும். கேட் (கணினியில் வரையும் முறை) உலகில் இதை டோப்பாலஜிக்கல் நேமிங் பிரச்சினை என்பார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதன் டெக்டிரா பகுதியில் டைமென்ஷன்கள், மாடலின் நிழற்பதிவாக விழும் கோடுகளோடு, எட்ஜ்3, வெர்டெக்ஸ்5 என்பது போன்ற பெயர்களால் இணைந்திருக்கும். மாடலில் ஒரு துளையைச் சேர்த்தால் கோடுகளின் எண்ணிக்கை மாறி வரிசையும் மாறலாம். அப்போது டைமென்ஷன் வேறு கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வெளிவந்த ஃப்ரீகேட் 1.0, மாடல் அளவில் இந்தப் பெயர் குழப்பத்தைக் கணிசமாகக் குறைத்தது. டிராயிங் தாளில் அதனால் எல்லாம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர்கள் இதை இன்னும் நன்றாகச் சமாளிக்கின்றன. ஒரு பரப்பு எந்தச் செயலால் பிறந்தது, அதன் அக்கம்பக்கம் என்ன என்பதையெல்லாம் சேர்த்துப் பெயர் வைப்பதால் குழப்பம் குறைகிறது. ஆனால் விளிம்பே அழிந்துபோனால் எந்த சாஃப்ட்வேராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது டைமென்ஷன் அந்தரத்தில் தொங்கும். சாலிட்வொர்க்ஸ் அதை வேறு நிறத்தில் காட்டும். ஆட்டோகேட் 2013 முதல், கண்காணிப்பை இயக்கி வைத்திருந்தால், மஞ்சள் அடையாளத்தில் ஆச்சரியக்குறி போட்டுக் காட்டும்.

தொங்கும் டைமென்ஷனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெளியே தெரிகிறது. தெரியாமல் மாறுவதைத்தான் கவனிக்க வேண்டும். நம் தகட்டையே பார்ப்போம். கீழ் விளிம்பைத் தொட்டு, அதன் நீளம் 300 என்று டைமென்ஷன் போட்டிருக்கிறீர்கள். பிறகு கூரான மூலைகள் வேண்டாம் என்று நான்கு மூலைக்கும் 10 மி.மீ. சேம்ஃபர் (மூலையைச் சாய்வாக வெட்டுவது) கொடுக்கிறார்கள். கீழ் விளிம்பு இன்னும் இருக்கிறது, பெயரும் அதே. ஆனால் இரண்டு முனையிலும் 10 குறைந்து அதன் நீளம் 280 ஆகிவிட்டது. தாளில் 280 என்று வரும். சாஃப்ட்வேர் பிசகவே இல்லை, கேட்டதைத்தான் அளந்து சொல்லியிருக்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது, நிறமும் மாறாது. மொத்த அகலம் 280 என்று படித்துத் தகட்டை வெட்டிவிட்டால், பிறகு 220 இடைவெளியில் துளை போடும்போது ஓரத்துக்கு 40 இருக்க வேண்டிய இடத்தில் 30 தான் மிஞ்சும்.

அதே டைமென்ஷனை இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புக்குப் போட்டிருந்தால்? சேம்ஃபர் வந்தாலும் அந்த இரண்டு விளிம்புகளுக்கு இடையே 300 தான். எண் அசையாது. இரண்டு டைமென்ஷனும் முதல் நாளில் ஒரே இடத்தில், ஒரே எண்ணோடு, பார்வைக்கு வித்தியாசமே இல்லாமல் இருக்கும். எதைத் தொட்டுப் போட்டோம் என்பது மட்டும்தான் வேறு. இதனால்தான் மூலைப் புள்ளியையும் விளிம்பின் நீளத்தையும் தொடுவதைத் தவிர்த்து, எதிரெதிர்ப் பக்கங்களையும், துளை மையங்களையும், டேட்டம் தளங்களையும் (அளவு தொடங்கும் ஆதாரப் பரப்புகள்) தொட்டு டைமென்ஷன் போடச் சொல்கிறேன். மூலைகள் பின்னால் சேம்ஃபராலும், வளைவாக்கும் ஃபில்லட்டாலும் காணாமல் போகக்கூடியவை. பக்கங்கள் அவ்வளவு எளிதில் போகாது.

இனி கையால் எண்ணைத் திருத்தும் பழக்கம். மாலையில் டிராயிங் அனுப்பியாக வேண்டும். மாடலைத் திருத்த நேரம் இல்லை, அல்லது திருத்தினால் வேறு பத்து இடத்தில் எரர் வரும். எண்ணின் மேல் சொடுக்கி 220 என்று தட்டிவிட்டால் போதும். ஆட்டோகேட் இதை அனுமதிக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து அது அளவு இல்லை, வெறும் எழுத்து. மாடல் நாளைக்கு 240 ஆனாலும் தாள் 220 என்றே சொல்லும். தாளைப் பார்ப்பவருக்கு அது கையால் தட்டியது என்று தெரிய வழியே இல்லை.

ஐஎஸ்ஓ 129 தரத்தில் இதற்கு ஒரு மரபு உண்டு. ஸ்கேலுக்குப் பொருந்தாத அளவின் கீழே கோடு போட வேண்டும். கையால் வரைந்த காலத்து நேர்மை அது. படம் மாறவில்லை, எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன் என்று வாசிப்பவரிடம் வெளிப்படையாகச் சொல்வது. கணினிக்கு வந்தபிறகு இந்தக் கோட்டைப் போடுபவர்கள் அரிது. தவிர்க்க முடியாமல் எண்ணைத் தட்ட வேண்டி வந்தால் கோடாவது போடுங்கள்.

எழுத்து சேர்க்க வேண்டும் என்பதற்காக எண்ணையும் சேர்த்துத் தட்டுவதும் பரவலாக நடக்கிறது. நான்கு துளைக்கும் இதே விட்டம் என்று காட்ட, 4x 22 என்று முழுதாக எழுதிவிடுவார்கள். தேவையே இல்லை. ஆட்டோகேட்டில் <> என்ற குறி உண்மையான அளவுக்கான இடம். 4x <> என்று எழுதினால் முன்னால் 4x நிற்கும், பின்னால் வரும் எண் உயிரோடு இருக்கும். கோப்புக்குள் உண்மையான அளவும் மேலே தட்டிய எழுத்தும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. அதனால் எந்த டைமென்ஷனில் கையால் தட்டிய எழுத்து இருக்கிறது என்று க்யூசெலக்ட் கட்டளையில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற பண்பை வைத்துத் தேடினால், முழு டிராயிங்கிலும் ஒரே அடியில் பிடித்துவிடலாம்.

கட்டட மாடலிங் சாஃப்ட்வேரான ரெவிட் இந்த விஷயத்தில் கறார். டைமென்ஷனை எண்ணால் மாற்ற முயன்றால் ஏற்காது, எண்ணுக்குப் பதில் விளக்க எழுத்தைப் போடு என்று திருப்பி அனுப்பும். இந்தக் கறார்த்தனத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனாலும் இதைச் சுற்றிப் போக வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தைச் சேர்த்து ஏமாற்றுவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் அந்த ஏமாற்று இனி அதிக நாள் நிற்காது.

காரணம், அனுமதிக்குப் போவதே மாடலாக மாறிக்கொண்டிருக்கிறது. கட்டட, கட்டுமான ஆணையமான பிசிஏ 2013-இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களின் கட்டடக் கலை வரைவுகளை பிம் (கட்டடத் தகவல் மாடல்) வடிவில் தரச் சொல்லித் தொடங்கியது. 2014-இல் பொறியியல் வரைவுகள் சேர்ந்தன. 2015-இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் வரை அது இறங்கியது. இப்போது கோர்நெட் எக்ஸ் என்ற இணையவழி அனுமதித் தளம். 2023 டிசம்பரில் அறிமுகமாகி, 2025 அக்டோபர் 1 முதல் 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்குக் கட்டாயமானது. அதற்கு ஐஎஃப்சி+எஸ்ஜி என்ற பொதுவான கோப்பு வடிவில் மாடலைத் தர வேண்டும். நடைபாதை 1,200 என்று தாளில் தட்டி வைத்து, மாடலில் சுவர்களுக்கு இடையே 1,185 இருந்தால், சரிபார்ப்பவர் மாடலைத்தான் அளப்பார். தாளில் தட்டிய எழுத்து ஐஎஃப்சி கோப்புக்குள் இருக்கும் சுவரைத் தள்ளி வைக்காது.

கட்டட வேலையில் இணைப்பு அவிழ்வதற்கு வேறொரு பெரிய காரணம் உண்டு. கட்டடக் கலைஞர் ஒரு மாடல், கட்டமைப்புப் பொறியாளர் ஒரு மாடல், ஏசி-மின்சாரம்-குழாய் ஆட்கள் ஒரு மாடல் என்று வைத்துக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்றை லிங்க் செய்கிறார்கள். என் தாளில் இருக்கும் டைமென்ஷன் அவருடைய மாடலில் இருக்கும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவர் அந்தச் சுவரை நகர்த்தினால் என் எண் அழகாக மாறும். நகர்த்துவதற்குப் பதில் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால்? கண்ணுக்கு அதே இடம், அதே தடிமன், அதே சுவர். ரெவிட்டுக்கு அது வேறு சுவர், வேறு அடையாள எண். லிங்க்கை ரீலோட் செய்ததும் என் டைமென்ஷன் பிடிமானம் இழந்துவிடும். எச்சரிக்கைப் பெட்டி வரும், பலர் படிக்காமலே ஓகே அழுத்துவார்கள், டைமென்ஷன் போய்விடும். அதனால் ஒரு குழுவாக வேலை செய்பவர்கள் தங்களுக்குள் ஒரு ஒழுக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்: இருக்கும் உறுப்பைத் திருத்துங்கள், அழித்து வரையாதீர்கள். வேகத்துக்காக அழித்து வரைபவர் தன் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து, மற்ற மூன்று குழுக்களின் நாளைச் செலவழிக்கிறார்.

பிபிவிசி முறையில் இதன் விலை இன்னும் கூடுகிறது. குளியலறை ஓடு உட்பட உள்வேலை பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே முடிந்து, பெட்டி பெட்டியாக வந்து அடுக்கப்படும் அறைகள் அவை. 2019-இல் முடிந்த கிளெமென்ட் கேனப்பி, 40 மாடி கொண்ட இரண்டு கோபுரங்கள், இப்படிக் கட்டப்பட்டவைதான். செங்கல் வைத்துக் கட்டும் சைட்டில் 15 மி.மீ. பிசகினால் பூச்சில் சரிக்கட்டுவார்கள். முடிந்து வந்த பெட்டியில் சரிக்கட்ட என்ன இருக்கிறது? குழாய் வரும் துளை மேல் மாடிப் பெட்டியிலும் கீழ் மாடிப் பெட்டியிலும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

ரவுண்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 4,000 மி.மீ. நீளத்தை மூன்று சம பாகமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1,333.33. தாளில் மி.மீ.க்கு ரவுண்டு செய்து 1,333 என்று மூன்று முறை வரும், கூட்டினால் 3,999. மொத்தம் 4,000 என்று பக்கத்தில் இருக்கும். இணைப்பு சரி, எண்ணும் சரி, ஆனாலும் சைட்டிலிருந்து தொலைபேசி வரும். இங்கே எண்ணைத் தட்டித் திருத்தக் கூடாது. மாடலிலேயே 1,333, 1,334, 1,333 என்று முழு எண்ணாக வைத்துவிட வேண்டும்.

இதுவரை இணைப்பு அவிழ்வதைப் பற்றிப் பேசினோம். இணைப்பு கச்சிதமாக வேலை செய்வதாலும் ஒரு சிக்கல் வருகிறது, அதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ரெவிஷன் பி என்று முத்திரையிட்டு ஒரு டிராயிங் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரோ மாடலில் 200-ஐ 220 ஆக்குகிறார்கள். டிராயிங் கோப்பைத் திறந்தால் அது அமைதியாக 220 ஆகிவிடும், முத்திரை மட்டும் இன்னும் ரெவிஷன் பி. மாற்றத்தைச் சுற்றி மேகக்கோடு இல்லை, திருத்தப் பட்டியலில் வரி இல்லை. பட்டறையில் இருக்கும் ரெவிஷன் பி தாளில் 200, இன்று மறுபடியும் அச்செடுத்த ரெவிஷன் பி தாளில் 220. கையால் திருத்திய காலத்தில், திருத்தியவருக்குத் தான் திருத்தியது தெரியும். இங்கே யாருக்குமே தெரியாமல் தாள் திருந்திக்கொள்கிறது. வெளியே அனுப்பும் அன்றே பிடிஎஃப் எடுத்து யாரும் திருத்த முடியாதபடி பூட்டி வைப்பதும், அதன் மூல மாடலையும் அதே ரெவிஷனில் உறைய வைப்பதும் இதற்காகத்தான். சாலிட்வொர்க்ஸில் டிராயிங்கைத் திறக்கும்போது, கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு மாறிய அளவுகளைத் தனி நிறத்தில் காட்டும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை இயக்கி வைத்திருங்கள்.

துல்லிய உதிரிபாகப் பட்டறைகளில் நிலைமை கொஞ்சம் வேறு. உபியிலும் காக்கி புக்கிட்டிலும் உட்லண்ட்ஸிலும் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு வேலை வரும்போது ஸ்டெப் கோப்பு (முப்பரிமாண மாடல்) ஒன்றும் டிராயிங்கின் பிடிஎஃப் ஒன்றும் சேர்ந்து வருவது வழக்கம். கணினி இயக்கும் சிஎன்சி மெஷினுக்கான புரோகிராம் ஸ்டெப்பிலிருந்து, சரிபார்ப்பு பிடிஎஃப்பிலிருந்து. பேரிங்கில் நுழையும் ஒரு தண்டு 20 ஜி6 என்று பிடிஎஃப்பில் இருக்கிறது. அதன் பொருள், விட்டம் 19.980-க்கும் 19.993-க்கும் இடையே இருக்க வேண்டும். மாடலிலோ அது 20.000 என்று வரையப்பட்டிருக்கும், இணைந்த டைமென்ஷனும் 20 என்றே சொல்லும். ஸ்டெப்பை மட்டும் நம்பி 20.000-க்குத் திருப்பினால் தண்டு தேறாது. எண் மாடலோடு இணைந்திருக்கிறது, ஆனால் அந்த எண்ணின் அனுமதி எல்லை மாடலின் உருவத்தில் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் டைமென்ஷனையும் டாலரன்ஸையும் தாளில் இல்லாமல் மாடலின் மேலேயே ஒட்டி வைக்கும் முறை வந்தது. அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ ஒய்14.41 தரம் 2003-இல் வந்தது. ஐஎஸ்ஓ 16792 அதைத் தொடர்ந்து 2006-இல் வந்தது. 2014-இல் ஸ்டெப் கோப்பின் ஏபி242 என்ற வடிவம் வந்தபிறகு, இயந்திரமே படித்துப் புரிந்துகொள்ளும்படி டாலரன்ஸை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப வழி பிறந்தது. அளவுக் கருவியின் சாஃப்ட்வேர் அதைப் படித்துத் தானே சரிபார்ப்புப் பட்டியல் போட்டுக்கொள்ளும். பெரிய விமான, வாகன நிறுவனங்களுக்கு இது நல்லது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த சாஃப்ட்வேர் உரிமத்தின் விலையே பெரிய சுமை. அங்கே தாள் இன்னும் பல வருடம் இருக்கும் என்றே நினைக்கிறேன். தாள் இருக்கும்வரை, மாடலும் தாளும் முரண்பட்டால் எது செல்லும் என்பதை ஒரு வரியில் டிராயிங்கின் ஓரத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த வரி இல்லாமல் வரும் வேலையை, வெட்டத் தொடங்கும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மற்றவர் செய்த கோப்பு கைக்கு வந்தால் அதை நம்பலாமா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கோப்பை நகலெடுத்துக்கொண்டு, மாடலில் ஒரு முக்கிய அளவை 7 மி.மீ. கூட்டுங்கள். 10, 20 என்று கூட்டினால் வரும் எண் இயல்பாகத் தெரிந்து கண்ணுக்குத் தப்பிவிடும், 7 என்றால் பளிச்சென்று தெரியும். ரீபில்ட் செய்துவிட்டு டிராயிங்கைப் பாருங்கள். மாற வேண்டிய இடத்தில் 7 கூடியிருந்தால் அது நல்ல இணைப்பு. சமச்சீராக மிரர் செய்த இடமென்றால் 14-உம் சரி. அசையாமல் நிற்பது ஒன்று கையால் தட்டியது அல்லது அவிழ்ந்தது. நிறம் மாறித் தொங்குவதற்குப் புது விளிம்பைக் காட்டிக் கட்ட வேண்டும். 7-உம் இல்லாமல் 14-உம் இல்லாமல் வேறொரு எண்ணால் மாறியிருப்பதைத்தான் முதலில் திறந்து, எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முடிந்ததும் நகலைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.